கட்டம் போட்ட சட்டைக்காரன்

விடுப்பில் வீட்டில் இருக்கும் நாட்களில் என் வீட்டுக்காரர் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் மிளகாய் வயலுக்குப் போவார். அங்கே நிற்கும் வைக்கோல் பொம்மையைப் பிடுங்கிப் பத்தடி தள்ளி நட்டு, அதன் முகத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டு வந்துதான் காப்பி குடிப்பார். கல்யாணமாகிப் பதினோரு வருடமாக இதைப் பார்க்கிறேன். ஏன் என்று கேட்டது மூன்றாவது வருடம்தான். எனக்கு ஒன்றைக் கேட்க அவ்வளவு நாள் ஆகும்.

"ஒரே எடத்துல நின்னா மயிலு மூணாம் நாளு தோள்ல ஏறி உக்காந்துக்கிரும் லெச்சுமி. மாத்தி மாத்தி வச்சாத்தான் ஆளுன்னு நெனைக்கும்," என்றார்.

அவர் பெயர் யோகேஸ்வரன். நயினார்கோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தூத்துக்குடியில் ஒரு பயிற்சி முடித்துச் சரக்குக் கப்பலில் டெக் வேலைக்குப் போனவர். அவர் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் ராமேஸ்வரத்தில் முங்கி எழுந்ததற்கு மேல் கடலுக்குள் போனதில்லை. ஒன்பது மாதம் கப்பல், மூன்று மாதம் வயல். அவர் இல்லாத மாதங்களில் பொம்மை நின்ற இடத்திலேயே நிற்கும். மயில் ஏறும், நான் கல்லெடுத்து விரட்டுவேன்.

ஏடன் பக்கத்துக் கடலில் கொள்ளைக்காரர்கள் துப்பாக்கியோடு சின்னப் படகில் வேகமாக வந்து, கப்பலில் ஏணி மாட்டி ஏறி, ஆட்களைப் பிடித்து வைத்துக்கொள்வார்களாம். அதனால் அங்கே நுழையும் முன் கப்பலைச் சுற்றி முள்கம்பி கட்டுவார்கள். தண்ணீர் பீய்ச்சும் குழாய்களைத் தயாராக வைப்பார்கள். நிறையப் பேர் காவல் நிற்பதுபோலத் தெரிய, பொம்மைகளையும் நிறுத்துவார்கள்.

பொம்மை என்றதும் இவர்தான் கை தூக்கியிருக்கிறார். பழைய வேலை உடுப்புக்குள் கந்தலை அடைத்து, பெயிண்ட் டப்பாவைத் தலையாக வைத்து, ஊர் ஞாபகத்தில் முட்டைக்கண்ணும் பல்லும் கன்னத்தில் வெள்ளைப் புள்ளியும் வரைந்துவிட்டார். கப்பலில் ஒரு தூத்துக்குடி ஆபீசர் இருந்தார். அவர் வந்து பார்த்துவிட்டு, "ஏலே யோகேசு, இது கொள்ளைக்காரனுக்கா, திருஷ்டிக்கா? இதப் பாத்தா அவன் ஓட மாட்டாம்ல. செல்பி எடுக்க ஏறி வருவான்" என்றாராம்.

எல்லாரும் சிரித்து முடித்த பிறகு முகத்தை அழித்து ஹெல்மெட் மாட்டினார். ஆனால் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏழு பொம்மைகளையும் இடம் மாற்ற வேண்டும் என்று இவர் சொன்னபோது அந்த ஆபீசர் சிரிக்கவில்லை.

போன வருடம் பரமக்குடியில் ஒரு கட்டம் போட்ட சட்டை எடுத்து அவர் பெட்டியில் வைத்திருந்தேன். நீலமும் மஞ்சளும். அந்தக் கடலுக்குள் போவதற்கு முதல் நாள் போன் செய்தார்.

"நாளைக்கிருந்து ஏழு நாளு போன் வராது. அங்கன நெட்ட அமத்திருவாக. பயப்படாத. அப்பறம், ஒரு பொம்மைக்கு நீ எடுத்துக் குடுத்த சட்டையப் போட்டுட்டேன், கோவிச்சுக்கிறாத."

"புதுசுங்க அது!"

"எல்லாம் ஒரே கலருல நின்னா கண்டுபிடிச்சிருவான். ஒருத்தன் கட்டம் போட்டு நின்னாத்தான் ஆளு மாதிரி இருக்கும்."

மறுநாள் காலையில் நான் வயலுக்குப் போய்ப் பொம்மையைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டேன். யாரும் சொல்லவில்லை. அடுத்த நாளும் நட்டேன். பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பஞ்சம்மாள் பார்த்துவிட்டாள்.

"ஏத்தா, புருசன் ஊர்ல இல்லைன்னு பொம்மைய இழுத்துக்கிட்டு ஓடுறியா? அதுக்கும் இஷ்டமான்னு கேட்டியா?"

சிரிப்பு வந்தது. மண்ணை மிதித்துக் கெட்டியாக்கினேன்.

வெயில் ஏறினால் கரிசல் மண் தூரத்தில் தண்ணீராக அசையும். பொம்மையின் தோளில் கை வைத்து நிற்பேன். வரப்புதான் கப்பலின் ஓரம். பூத்த மிளகாய்ச் செடிகள் காற்றில் ஒரே பக்கமாகச் சாயும்போது வயலே மெல்ல மேற்கே நகர்வதுபோல இருக்கும். எங்கோ மயில் கூவினால் கப்பல் ஊதுவதாக நினைத்துக்கொள்வேன். கண்ணை மூடினால் கால் மிதக்கும். அப்படியே அவர் இருக்கும் இடம்வரை போய்விடலாம் என்று தோன்றும். பஞ்சம்மாள் இருமினால் வயல் நின்றுவிடும்.

ஏழு நாள் முடிந்தது. போன் வரவில்லை. எட்டு, ஒன்பது. வயலுக்குப் போவதைத் தவிர ஒன்றும் ஓடவில்லை. பத்தாம் நாள் மதியம் போன் அடித்தது.

"லெச்சுமி."

"சாப்பிட்டீங்களா?" என்றேன். பத்து நாளாகச் சேர்த்து வைத்திருந்ததில் அது மட்டும்தான் வந்தது.

விடியும் நேரத்தில் இரண்டு படகுகள் துரத்தியிருக்கின்றன. கப்பலில் இருந்த இருபத்தோரு பேரும் அடித்தட்டில் இரும்புக் கதவு போட்ட அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். "மேல நம்ம ஆளுக ஏழு பேரு மட்டுந்தான் நின்னானுக," என்றார். படகுகள் திரும்பிவிட்டன. பிறகு கப்பல் சுற்று வழியில் போனதால் நாள் கூடிவிட்டது. "வேற ஒன்னும் ஆகல."

ஊருக்கு வந்ததும் பெட்டியைப் பிரித்தேன். அடியில் அந்தச் சட்டை இருந்தது. இடது பையின் மேல் ஒரு ஓட்டை. முதுகில் ஒரு ஓட்டை.

"எலி கடிச்சிருச்சு," என்றார்.

எலி கடித்த சாக்குகளை நான் எத்தனையோ தைத்திருக்கிறேன். எலி இப்படி வட்டமாகக் கடிக்காது.

"கப்பல்லயும் எலி இருக்கா?"

"இருக்கும். எல்லாக் கப்பல்லயும் இருக்கும்." வாசலில் கிடந்த செருப்பை எடுத்து நேராக வைத்தார்.

இரண்டையும் தைத்தேன். நீல நூல் கிடைக்கவில்லை, கறுப்பில் தைத்தேன். துவைத்துக் காய்ந்ததும் சட்டையை எடுத்துப் போய் வயல் பொம்மைக்கு மாட்டினேன். அவர் பின்னாலேயே வந்து, பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பொம்மையின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுவிட்டார்.

ஆவணியில் மறுபடி கப்பல் ஏறினார். முந்தாநாள் போன் செய்து, மறுநாள் அந்தக் கடலுக்குள் போவதாகவும் இந்தத் தடவையும் ஏழு நாள் என்றும் சொன்னார். இன்று இரண்டாம் நாள். பொம்மையைக் கிணற்றுப் பக்கம் மாற்றி நட்டிருக்கிறேன்.