அவுரித் தண்ணீர்

மருமகள் தலைக்குப் பூச அவுரிப் பொடியைக் குழைத்தாள். அந்த வாடை தாங்காமல் நான் எழுந்து திண்ணைக்கு வந்துவிட்டேன்.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில், பாகூர்ப் பக்கம் எங்கள் சேரிக்குக் குடிக்க இருந்தது ஒரே குட்டை. அவுரி இலையை ஊறவைத்து நீலச் சாயம் எடுக்கும் தொட்டிக்காரர், அழுகிய தண்ணீரை அதில்தான் திறந்துவிடுவார், ஊர்க் கிணற்றுப் பக்கமோ எங்களை அண்டவிட மாட்டார்கள். தம்பிக்கு வயிற்றுப்போக்கு நிற்காமல் போன அன்று, அம்மா ஒரு குடம் மொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஊர் நிர்வாகம் பார்க்கும் கொம்யூன் அலுவலகத்துக்கு நடந்தாள்.

“இத நீங்க குடிப்பீங்களா சாமி?”

“கொடத்த வெளிய வையி, பாக்கறோம்” என்றார் குமாஸ்தா.

தொட்டி வாயை யாரும் அடைக்கவில்லை. சில நாள் கழித்துச் சேவகன் வந்து, குட்டைக்கரையில் பிரெஞ்சில் எழுதிய பலகை ஒன்றை நட்டான்.

“இன்னா எழுதியிருக்கு?” என்றாள் அம்மா.

“இந்தத் தண்ணியக் குடிக்கக் கூடாதாம்.”

அம்மா அவனையே பார்த்தாள். பிறகு நீல நுரையைக் கையால் விலக்கிவிட்டுக் குடத்தை அமிழ்த்தினாள்.