அப்பாவும் இணையதளத்தின் சிறு பெட்டியும்

அப்பாவோடு நான் கடைசியாகச் செய்த வேலை, பிரவுசரில் எழுதும் பெட்டிகளை அவர் எழுதப் பயன்படுத்தும் எடிட்டர் மென்பொருளோடு இணைத்துக் கொடுத்தது. மார்ச் மாதம், தீவு வீட்டின் சமையலறை மேசை. பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டியைக் கடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பெயர் ஒட்வார். தொலைபேசி நிலையத்தில் கணினிகளைப் பார்த்துக்கொண்டவர். வேலைக்காலம் முழுக்க ஒரே எடிட்டர். அதில் கண்ட்ரோலையும் டபிள்யூவையும் சேர்த்து அழுத்தினால் கடைசியாக அடித்த சொல் அழியும். பிரவுசரில் அதே விசைகள் பக்கத்தையே மூடிவிடும். அப்பாவுக்கு இது தெரியும். அவர் விரல்களுக்குத் தெரியாது.

அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்தது நகராட்சித் தளத்தில் ஓர் ஆட்சேபம். ஞாயிற்றுக்கிழமைப் படகை நிறுத்தப்போவதாக அறிவித்திருந்தார்கள். பக்கவாதம் வந்த அம்மா ஹெர்டிஸ் அக்கரையில் பராமரிப்பு இல்லத்தில் இருந்தாள். மற்ற நாட்களில் படகு போனதும் திரும்பிவிடும். ஞாயிறு மட்டும்தான் மதியம் முழுக்க அவளோடு இருக்கலாம்.

"மறுபடி போச்சு."

"எதுப்பா?"

"ஒரே ஒரு சொல்ல அழிச்சேன். நகராட்சியே காணோம்."

"நல்லதுதானே. வேற எடிட்டர் பழகினா என்னப்பா?"

"சாயங்காலத்துக்குள்ள பொண்டாட்டிய மாத்துங்கற. வாயாடாம சரி பண்ணும்மா."

பிரவுசரில் அதற்கென்றே உள்ள ஒரு துணைநிரலை நிறுவினேன். பெட்டியில் கர்சரை வைத்து ஒரு விசையை அழுத்தினால் எடிட்டர் திறக்கும். எழுதி, சேமித்து, மூடினால் எழுதியதெல்லாம் பெட்டிக்குள் வந்துவிடும். அப்பா முயன்று பார்த்தார். 'ஹெர்டிஸ் அழகி' என்று நகராட்சியின் பெட்டியில் தோன்றியது.

"அனுப்பிடட்டுமா?"

"அப்பா!"

தோள் குலுங்கச் சிரித்தார்.

நான் பெர்கன் நகரத்துக்கு, என் மென்பொருள் வேலைக்குத் திரும்பிய பிறகு ஆட்சேபத்தை எழுதி அனுப்பியிருக்கிறார். தளத்தில் படித்தேன்.

'ஞாயிறு பயணிகள் குறைவு என்கிறீர்கள். அந்தக் குறைவானவர்களில் நான் ஒருவன். என் மனைவிக்குப் பேச்சு வராது. தொலைபேசி எங்களுக்கு உதவாது.'

மே மாதம் படகுக் கொட்டகையில், மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அவர் இதயம் நின்றது. அடக்கம் முடிந்த மறுவாரம் நகராட்சி கூடியது. அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"ஞாயிறு படகு நிக்காதுங்க. உங்கப்பா எழுதினத கூட்டத்துல வாசிச்சாங்க. அவர்கிட்ட சொல்லலாம்னு கூப்பிட்டா நம்பர் போகல."

அப்பா இறந்துவிட்டதைச் சொன்னேன்.

அந்த ஞாயிறு படகில் நான் போனேன். அப்பா இறந்ததை அம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். இருந்தும் எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தாள். முடி வளர்ந்து கண்ணில் விழுந்துகொண்டிருந்தது. ஒதுக்கிவிடப் போனேன், நல்ல கையால் என் கையைத் தள்ளினாள்.

"எங்களையும் தொட விடமாட்டாங்கம்மா" என்றாள் செவிலி தூரித். "உங்கப்பாதான் எப்பவும் முடி வெட்டுவாரு. போன தடவை கத்தரிக்கோல மறந்துட்டு வந்துட்டாரு. அடுத்த ஞாயிறு வெட்டறேன்னு அவங்ககிட்ட சொல்லிட்டுப் போனாரு."