வடிதாள் மேல் போட்ட பழி

என் அக்கா சுவரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்று கேள்விப்பட்டு, கீழ் வீட்டுக்காரர் ஒரு நாள் படியேறி வந்தார். குளியலறைச் சுவரில் ஈரம் கசிகிறது, என்ன பூசலாம் என்று கேட்டார். தான் படிப்பது செடியின் செல்லைச் சுற்றியிருக்கும் சுவர் என்று அக்கா பொறுமையாக விளக்கினாள். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டவர், "சரிங்க, அப்ப வெறும் சிமெண்ட் போதுங்களா?" என்றார். அன்றிலிருந்து எங்கள் தெருவுக்கு அவள் செவுத்து டாக்டர்.

நான் தையல் கடை வைத்திருக்கிறேன். புருஷன் போன பிறகு அக்காவோடு வந்து ஒண்டிக்கொண்டவள். அவள் கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டாள். சாப்பிடும்போதெல்லாம் அதே பேச்சு என்பதால் அவள் வேலை எனக்கும் அரைகுறையாகப் புரியும். செடியின் செல் சுவரில் நூல் போல ஒன்று ஓடுகிறது. நான் வெட்டித் தைக்கும் பருத்தியும் அதே சரக்குதான். நூல்களுக்கு நடுவே பெக்டின் என்று ஒரு பசை. பழக்கூழ் ஜாமாக உறைவது அதனால்தான். அந்தப் பசை நூலுக்கு நடுவில் சும்மா அடைத்துக்கொண்டு கிடக்கிறதா, நூலோடு கைகோத்துக்கொண்டிருக்கிறதா? என் அக்காவின் ஆயுசு இந்த ஒரு கேள்வியில் போயிற்று.

இளம் கேரட்டை அரைத்து, சாராயத்தில் அலசி, பசையை மட்டும் கரைத்து எடுத்து, வடிதாளில், அதாவது ஃபில்டர் பேப்பரில், வடிப்பார்கள். நூலும் சரி, பசையும் சரி, சர்க்கரைகள் கோத்த சரம்தான். அதை அமிலத்தில் உடைத்து இயந்திரத்துக்குக் கொடுத்தால் அது ஒரு கோடு போடும். எந்தச் சர்க்கரை இருக்கிறதோ அதற்குரிய இடத்தில் கோடு மேடாக எழும்பும். பீக் என்பார்கள். ஒரு சின்ன பீக் வந்துவிட்டால் பிள்ளை பிறந்த மாதிரி ஆளாளுக்குக் கூப்பிட்டுக் காட்டுவார்களாம்.

அக்கா சேர்ந்து ஒரு வருஷம் கழித்து அதே ஆய்வகத்தில் சேர்ந்தவள் கொக்கு. நெடுநெடுவென்று இருப்பாள், இயந்திரத்துக்கு முன்னால் ஒற்றைக் காலில் நின்று காத்திருப்பாள். பேர் வைத்தது அக்காதான். இருவரும் ஒரே மேசை, ஒரே சாப்பாட்டு டப்பா.

கொக்கு எடுத்த பசையில், நூலின் சர்க்கரைக்குரிய இடத்தில் ஒரு குட்டி மேடு வந்துகொண்டே இருந்தது. அது நிஜம் என்றால் பசை நூலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் இந்தத் தொழிலில் ஒரு வில்லங்கம் உண்டு. வடிதாள் என்பதே செடியின் நூலில் செய்ததுதான். தாளிலிருந்து ஒரு துணுக்கு உதிர்ந்து விழுந்தாலும் அதே இடத்தில் அதே மேடு எழும்பும். எதைத் தேடுகிறார்களோ அதிலேயே செய்த சல்லடை.

"கண்ணாடி ஃபில்டர்ல ஒரே ஒரு தடவை போட்டுப் பாக்கலாமாடி?" என்று கொக்கு கேட்டிருக்கிறாள். கண்ணாடி இழையில் செய்த வடிகட்டி விலை கூடியது. பேராசிரியரின் அலமாரியில் இருந்தது. சாவி அக்காவிடம்.

அக்கா அப்போது தன்னுடைய முதல் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. "ஃபில்டர் பேப்பர்தான்டி அது. எல்லாருக்கும் வரும். விட்டுட்டு வேற வேலையப் பாரு."

கொக்கு விட்டுவிட்டாள். அக்கா சொன்னால் அவளுக்கு அது வேதம். வேறு எதுவும் உருப்படியாகக் கிடைக்காமல், உதவித்தொகைக் காலமும் முடிந்து, வெறுங்கையோடு வெளியேறினாள். பசை சும்மா அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்று அக்கா எழுதினாள். அதற்குப் பேர் கிடைத்தது, வேலை கிடைத்தது, பெயர்ப்பலகை போட்ட அறையும் கிடைத்தது.

கொக்கு ஒரு ஜாம் கம்பெனியில், சரக்கு சரியாக உறைந்திருக்கிறதா என்று பார்க்கும் வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருவாள், கையில் ஒரு ஜாம் பாட்டிலோடு. எங்கள் அலமாரியைத் திறந்தால் துணியைவிட ஜாம் அதிகம். "மூணு வருஷமா வெறும் காகிதத்தப் பாத்துக்கிட்டு நின்ன ஒரே ஆராய்ச்சியாளர் உலகத்துல நான்தான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். நாங்களும் சிரிப்போம். அக்கா எங்கள் எல்லோரையும்விட சத்தமாகச் சிரிப்பாள்.

கொக்குக்கு ஒரே பெண். பள்ளியில் வேதியியல் என்றால் உயிரை விடுவாள். அதையே மேலே படித்து ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள், அம்மாவைப் போலவே. கொக்கு அசைந்து கொடுக்கவில்லை. "நம்ம ரத்தத்துக்கு அதெல்லாம் ஒத்து வராதும்மா. நான் பட்டது போதும்" என்று கணக்குப் படிப்பில் தள்ளிவிட்டாள். அந்தப் பெண் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கே வந்து, "நீங்களாவது அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க பெரியம்மா" என்று கெஞ்சினாள். அக்கா மடியில் யாருடைய ஆய்வேட்டையோ வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள். "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்மா" என்றாள். நான் தையலை நிறுத்திவிட்டு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அவள் போய்விட்டாள். இப்போது ஒரு அலுவலகத்தில் பிறர் கணக்கைச் சரிபார்க்கிறாள்.

போன வருஷம் ஆய்வகத்தில் வடிதாள் தீர்ந்துபோயிற்று. சாமான் அறைக்காரர், இருப்பதை வைத்து ஓட்டுங்கள் என்று ஒரு பெட்டி கண்ணாடி வடிகட்டியைக் கொடுத்தனுப்பினார். அக்கா சலித்துக்கொண்டே அதில் வடித்துப் போட்டாள். அந்தக் குட்டி மேடு அங்கேயே நின்றது. தாளே இல்லை, தாள் மேல் பழி போட வழியும் இல்லை. பாத்திரங்களை மாற்றினாள், கேரட்டை மாற்றினாள், அமிலத்தை மாற்றினாள். அது மாறவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் தட்டில் போட்டதைத் தொடவில்லை. எல்லாவற்றையும் என்னிடம் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவகிட்டப் போய்ச் சொல்லு."

"சொன்னா தாங்குவாளாடி?"

"அவ தாங்குவா. நீதான் தாங்க மாட்ட. அதானே உன் கவலை?"

 அதற்குப் பிறகு ஞாயிறுகள் வந்தன, ஜாம் பாட்டில்கள் வந்தன, கொக்கு அதே காகித நகைச்சுவையைச் சொன்னாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஏதாவது சாக்கு வைத்து அடுக்களைக்குள் போய்விடுவாள். கடைசியில் கொக்குதான் அவளை வழிமறித்தாள்.

"என்னடி ஆச்சு உனக்கு? என் மூஞ்சியவே பாக்க மாட்டேங்குற?"

அக்கா சொன்னாள். நின்றபடியே, ஒரு மூச்சில், சாவி தன்னிடம் இருந்தது வரைக்கும் சொன்னாள்.

கொக்கு கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது, "எவ்ளோ பெருசு?" என்றுதான். அக்கா பையிலிருந்து இயந்திரம் கோடு போட்ட அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தாள். கொக்கு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவள் விரல் தேடாமல் நேராக அந்த மேட்டின் மேல் போய் நின்றது. 

"இதை எழுதப் போறேன்டி. உன் பேரத்தான் முதல்ல போடுவேன்" என்றாள் அக்கா.

"பேர வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? ஜாம் பாட்டில்ல ஒட்டவா?" கொக்கு தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.  "எனக்கு ஒண்ணும் வேணாம். எம் பொண்ணுகிட்ட வந்து சொல்லு. அவங்கம்மா மக்கு இல்லன்னு நீ உன் வாயால சொல்லு."

அன்று சாயங்காலமே போனோம். நானும் கூடப் போனேன், அக்கா பாதி வழியில் திரும்பிவிடுவாளோ என்ற சந்தேகத்தில்தான். அந்தப் பெண் மறுநாள் அலுவலகத்துக்குப் போட்டுக்கொள்ளும் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "வாங்க பெரியம்மா" என்று நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளி இடம் பண்ணினாள். அக்கா உட்காரவில்லை. என்னிடம் சொன்னதைவிட எளிமையாக, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது போல எல்லாவற்றையும் அவளிடம் சொன்னாள். கொக்கு வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அந்தப் பெண் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அம்மாவை ஒரு முறை பார்த்துவிட்டு அக்காவிடம் திரும்பினாள்.

"நான் உங்ககிட்ட வந்து கேட்டேனே பெரியம்மா. அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொன்னீங்களே."

அக்கா அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. எங்கள் அப்பா இறந்தபோதுகூட அவள் அழவில்லை.

"நான் பாக்கவே இல்லம்மா" என்றாள். "அம்மா கேட்டப்பவும் நிமிந்து பாக்கல. நீ கேட்டப்பவும் பாக்கல."

அந்தப் பெண் சட்டையைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்தைத் தேய்க்கத் தொடங்கினாள்.