தெற்கை மட்டும் காட்டிய வண்டி

1. முழங்கால் அளவு

வண்டி எங்கள் வீட்டுக்கு ஓடி வரவில்லை. டோ டிரக்கின் முதுகில் ஏறி வந்தது. இறக்கியவுடன் என் கணவர் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். எஞ்சின் உடனே கிளம்பியது. கூடவே ஓட்டுநர் இருக்கை தானாக முன்னால் நகர்ந்து அவரை ஸ்டியரிங்கோடு வைத்து அழுத்தியது. நெஞ்சு ஹாரனில் பதிந்தது. ஹாரன் அலற, பின் கண்ணாடி சாவகாசமாகக் கீழே இறங்கியது.

"மாலதி, பயப்படாத. எல்லா மோட்டாரும் வேலை செய்யுதுன்னு அர்த்தம்," என்றார், நசுங்கிய குரலில்.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில், பக் என்னும் கோளாறுகளைத் தேடியே தலை நரைத்தவள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், "மேடம், நீங்க பார்த்ததிலேயே மோசமான பக் எது?" என்று கேட்பார்கள். வங்கி மென்பொருள், விமான மென்பொருள் என்று ஏதாவது எதிர்பார்ப்பார்கள். நான் இந்த வண்டியைத்தான் சொல்வேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்கு என்ன ஆகுமோ என்று உலகமே பயந்துகொண்டிருந்தது. அந்தப் பயத்தில்தான் எனக்குச் சம்பளம் வந்தது. என் சொந்தப் பயம் வேறு. மகள் நித்யாவுக்குப் பதினாறு வயதாகி, லைசென்ஸும் கிடைத்துவிட்டது. நாங்கள் எடிசனிலிருந்து டெக்சஸ் மாநிலத்தில், ஆஸ்டினுக்கு வடக்கே இருக்கும் ரவுண்ட் ராக்குக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. எடிசனில் ரயில் இருந்தது, பஸ் இருந்தது. இங்கே தயிர் வாங்கவும் கார் வேண்டும். ஐ-35 நெடுஞ்சாலையில் வீடு அளவுக்கு டிரக்குகள் போகும். அவற்றுக்கு நடுவில் என் மகளை ஒரு சின்னக் காரில் வைத்து அனுப்ப என்னால் முடியாது. பெரிய வண்டி வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். புது லக்சுரி எஸ்யூவியின் விலையைக் கேட்டுவிட்டு என் கணவர் அப்படியே காரியத்தை மறந்துவிடப் பார்த்தார்.

அப்போதுதான் ஹூஸ்டன் குணம் அண்ணன் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சால்வேஜ் வண்டிகளை ஏலத்தில் எடுத்து விற்பவர். விபத்திலோ வெள்ளத்திலோ மாட்டி, சரிசெய்யக் கட்டுப்படியாகாது என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் கைகழுவிய வண்டிக்குப் பத்திரத்தில் சால்வேஜ் என்று முத்திரை விழும். பிறகு அதன் விலையும் விழுந்துவிடும்.

"தம்பி, ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ," என்றாராம் குணம் அண்ணன். "முழங்கால் அளவுத் தண்ணிதான் ஏறினது. தோல் சீற்றைப் பாருங்கோ. மாளிகை மாதிரி."

அன்று மாலை என் கணவர் வண்டியின் உள்கூரை விளக்கைக் கழற்றினார். அதிலிருந்து தண்ணீர் அவர் முகத்தில் ஊற்றியது.

"குணம் அண்ணனுக்கு முழங்கால் எங்கங்க இருக்கு?" என்று கேட்டேன்.

ஸ்பேர் டயர் குழிக்குள் விரல் நீளத்தில் ஒரு மீன் காய்ந்து கிடந்தது. போன் செய்து சொன்னதற்கு, "மீனோ? அதுக்கு நான் காசு கேக்கேல்லையே தம்பி," என்று சிரித்தாராம்.

அன்றே வீட்டில் ஒரு ஒப்பந்தம் போட்டோம். அப்பா ரிப்பேர் செய்வார். நான் டெஸ்ட் செய்வேன். நான் சரி என்று சொன்ன பிறகுதான் நித்யா தனியாக ஓட்டலாம். இதில் எனக்கு விளையாட்டே இல்லை. அந்த வண்டி நடுரோட்டில் ஒரு நொடி கோணல் செய்தால் உள்ளே இருக்கப்போவது என் ஒரே பெண்.

2. என்கிட்ட வரலையே

என் கணவர் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஹார்டுவேர் எஞ்சினியர். தான் செய்ததில் தப்பு இருக்கும் என்று நம்பாத ஜாதி. ஒவ்வொரு சனிக்கிழமையும் கராஜில் எங்கள் பேச்சு இப்படித்தான் போகும்:

"ஏங்க, லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டா பின் கண்ணாடி இறங்குது."

"என்கிட்ட வரலையே."

"எப்ப பார்த்தீங்க?"

"இப்பதான். அஞ்சு தடவை போட்டேன்."

"வண்டி நிக்கும்போதா, ஓடும்போதா?"

"நிக்கும்போது."

"ஓடும்போது பாருங்க."

"ஓடும்போது யாராவது பின்னாடி பார்ப்பாங்களாடி?"

ஆபீசில் டெவலப்பர்கள் சொல்வதும் இதேதான், 'டி' மட்டும் இருக்காது.

கார்ப்பெட்டை உரித்து வெயிலில் போட்டோம். வயர் முனைகளெல்லாம் பாசி பிடித்த மாதிரி பச்சையாக இருந்தன. அவர் ஒவ்வொன்றையும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தார். இருக்கையை நகர்த்தும் மாட்யூலை ஜங்க்யார்டில் தேடி எடுத்து மாற்றினார். அப்படியும் வலது பக்கம் திரும்பினால் வைப்பர் ஆடியது. கடைசியில் காரணம் இருக்கைக்கு அடியில் கிடைத்தது. பல வயர்களுக்குப் பொதுவான எர்த் போல்ட் ஒன்று அங்கே துருப்பிடித்திருந்தது. அதைச் சுரண்டி முறுக்கியதும் பாதிப் பேய்கள் ஓடிவிட்டன.

வாடை மட்டும் போகவில்லை. குளத்து வாடை. கடைசியில் நான் தணலில் சாம்பிராணி போட்டு, வண்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். பக்கத்து வீட்டு ஹாங்க் நல்ல மனிதர். ஜன்னல் இடுக்கில் புகை வருவதைப் பார்த்ததும் தன் தோட்டத்துக் குழாயோடு ஓடிவந்து, கதவைத் திறந்து, உள்ளே முழுக்கத் தண்ணீர் அடித்துவிட்டார். காயவைத்துத் திரும்ப உள்ளே போட்டிருந்த கார்ப்பெட் மறுபடி மூழ்கியது. என் கணவர் அவருக்கு நன்றி சொன்னார். வேறென்ன செய்வது.

"இந்தத் தடவை நிஜமாவே முழங்கால் அளவு," என்றார் என்னிடம்.

ஆபீசில் என் மேனேஜர் வாசு சாருக்கும் விஷயம் தெரியும். "மாலதி, ஜீரோ பக்னு ஒண்ணு உலகத்துல கிடையாது," என்பார். "உங்க பொண்ணு காலேஜ் முடிக்கிறதுக்குள்ளயாவது ரிலீஸ் பண்ணுங்க."

நித்யாவும் அதையேதான் வேறு மாதிரி சொன்னாள். "அம்மா, ஐ வில் பி தர்ட்டி."

3. சின்ன சேஞ்ச்

பிரேக்கையும் ஏர்பேகையும் மட்டும் வீட்டில் தொட விடவில்லை. லைசென்ஸ் உள்ள கராஜில் கொடுத்து, புது ஏர்பேக் மாட்யூல் போட்டோம். அரசாங்கப் பரிசோதனையிலும் வண்டி தேறியது. மழையில் ஓட்டினேன், இருட்டில் ஓட்டினேன், திடீர் பிரேக் போட்டுப் பார்த்தேன். பின்பார்வைக் கண்ணாடியின் மூலையில் பச்சை எழுத்தில் திசை காட்டும் காம்பஸ் ஒன்று இருந்தது. நான்கு பக்கமும் வண்டியைத் திருப்பி அதையும் பார்த்தேன். நான்கும் சரி. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நித்யாவிடம் சாவியைக் கொடுத்து, நாளைக்கு நீ தனியாகப் போகலாம் என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். ஈரமாகவே இருந்த கார்ப்பெட்டைக்கூட மன்னித்துவிட்டாள்.

அவள் உள்ளே போனதும் என் கணவரைத் தேடிப் போனேன். "ஏங்க, ஒரு பிள்ளையார் கூட இல்லாமலா அனுப்பறது?"

"வெச்சுட்டா போச்சு. சின்ன சேஞ்ச் தானே."

பூஜை அறையிலிருந்து சின்னப் பித்தளைப் பிள்ளையாரை எடுத்துக் கொடுத்தேன். டாஷ்போர்டு தோல் உறை போட்டுச் சரிந்திருந்தது. பிள்ளையார் வழுக்கினார். கம்மில் ஒட்டினால் உறை பாழாகும். ஹார்டுவேர் எஞ்சினியருக்கா வழி தெரியாது? பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றைப் பிரித்து அதிலிருந்த காந்தத்தை எடுத்தார். அந்தக் காந்தம் இரும்பில் ஒட்டினால் பிரிக்க ஸ்க்ரூ டிரைவர் தேவைப்படும். அதைப் பிள்ளையாரின் அடியில் ஒட்டி, வண்டியில் இரும்பு எங்கே இருக்கிறது என்று தேடினார். பின்பார்வைக் கண்ணாடியைத் தாங்கும் தண்டு இரும்பாக இருந்தது. 'டக்' என்று போய் உட்கார்ந்தார் பிள்ளையார்.

"பூகம்பம் வந்தாலும் அசைய மாட்டார்," என்றார் என் கணவர். நான் கற்பூரம் காட்டினேன்.

4. டெம்பிள்

ஆஸ்டினுக்குத் தெற்கே இருந்த கோயிலில் நித்யாவுக்கு சனிக்கிழமை மாலை நடன ஒத்திகை. எங்கள் வீட்டிலிருந்து ஐ-35 ஏறித் தெற்கே போனால் முக்கால் மணி நேரம். செல்போன் எங்களில் யாரிடமும் இல்லை. அவள் கையில் சில்லறையைத் திணித்து, போனதும் போன் செய்யச் சொன்னேன். "அங்க பே போன் வாசல்லயே இருக்கு."

நான்கு எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி போனது. நான் போன் பக்கத்தில் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரத்தில் மணி அடித்தது.

"அம்மா, ஐ'ம் இன் டெம்பிள், பட்..."

"அப்பாடா. போய்ச் சேந்துட்டியா. வண்டி ஒழுங்கா ஓடுச்சா?"

"யெஸ், பட்..."

"பட்டெல்லாம் அப்புறம். குருக்கள்கிட்ட சொல்லி முதல்ல ஒரு தேங்கா உடை. வெச்சிடறேன், காசு போகும்."

வைத்துவிட்டேன். கால்மேல் கால் போட்டு ஒரு காபி குடித்தேன். அந்த வருடம் நான் நிம்மதியாகக் குடித்த காபி அது ஒன்றுதான். அது பாதியில் இருக்கும்போது திரும்பவும் மணி அடித்தது. நடன டீச்சர்.

"மாலதி, நித்யா கிளம்பிட்டாளா? எல்லாரும் காத்துண்டிருக்கோம்."

"அவ அங்கதான் இருக்கா டீச்சர். இப்பதான் கோயில்லேர்ந்து பேசினா. பிராகாரத்துல பாருங்க."

"நான் பிராகாரத்துல பார்த்துட்டுதான் பேசறேன்."

"வாசல்ல செருப்பு இருக்கா பாருங்க. வெள்ளை ஷூ."

டீச்சர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "இல்லியே மாலதி. நம்ம பசங்க செருப்பும் குருக்களோடதும்தான் இருக்கு. பார்க்கிங்லயும் பெரிய வண்டி எதுவும் இல்ல."

பெண் கோயிலிலிருந்து பேசியிருக்கிறாள்; ஆனால் கோயிலில் இல்லை. இடையில் எனக்குத் தோன்றியதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். அவளை யாரோ மிரட்டிப் பேச வைத்திருக்கிறார்கள், அதனால்தான் அந்த 'பட்' என்பது வரை போய்விட்டேன். என் கணவர் எங்கள் பழைய காரின் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவர் கையிலேயே இருந்தது. அப்போது மறுபடி போன்.

"அம்மா, ஆர் யூ கைஸ் கமிங்?"

"நித்யா, எங்க இருக்க நீ?"

"ஐ டோல்ட் யூ. டெம்பிள்."

"டீச்சர் நீ அங்க இல்லேங்கறாங்களே."

"நாட் அவர் டெம்பிள். டெம்பிள், டெக்சஸ். இட்ஸ் எ டவுன், அம்மா."

"அங்க கோயில் இருக்கா?"

"நோ. தேர் இஸ் எ கேஸ் ஸ்டேஷன்."

என் கணவர் மேப்பை விரித்தார். டெம்பிள் என்று ஓர் ஊர் இருந்தது. நேர் எதிர்த் திசையில், ஐ-35 மேலேயே, வடக்கே.

5. ரீப்ரொட்யூஸ்

நாங்கள் போனபோது அவள் அந்தப் பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டிக்குள் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். நான் அவளை இறுகக் கட்டிக்கொண்டேன். அவள் சிப்ஸ் பையைக் காப்பாற்றிக்கொண்டாள்.

"வடக்கே போற ரோட்டுல எதுக்குடி ஏறின?"

"த கார் ஸெட் சவுத்," என்று கண்ணாடியைக் காட்டினாள். ஏறும் இடத்து போர்டைப் பார்க்க நேரமில்லையாம், டிரக் வந்துகொண்டிருந்ததாம். கொஞ்ச தூரத்தில் 'டெம்பிள்' என்று பெரிய பச்சை போர்டு வந்திருக்கிறது. "ஐ தாட் தே புட் அப் எ சைன் ஃபார் அஸ். ஐ வாஸ் சோ ப்ரவுட், அம்மா."

என் கணவர் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். காம்பஸ் தெற்கு என்றது. வண்டியை ஒரு வட்டம் அடித்தார். எல்லாப் பக்கமும் தெற்கு. எமனுடைய திசை.

"ஃபிளட் டேமேஜ்," என்றார். "உள்ள மாட்யூல் போச்சு. குணம் அண்ணனை விடமாட்டேன்."

எனக்குக் குணம் அண்ணனிடம் கோபம் வரவில்லை. பெண் முழுசாகக் கிடைத்துவிட்டாள். பிள்ளையாரைத் தண்டிலிருந்து பிய்த்தெடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"அம்மா," என்றாள் நித்யா. "இட் சேஞ்ச்ட்."

காம்பஸ் மேற்கு என்றது. எதிரே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

நான் பிள்ளையாரைத் திரும்ப வைத்தேன். 'டக்'. தெற்கு. எடுத்தேன். மேற்கு. வைத்தேன். தெற்கு.

என் கணவர் தொண்டையைச் செருமினார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் நான் அவர் வாயால் கேட்காத, 'என்கிட்ட வரலையே'க்கு நேர் எதிரான வாக்கியம் அப்போது வந்தது.

"ரீப்ரொட்யூஸ் ஆகுது."

"சோ காட் ப்ரோக் த கார்?" என்றாள் நித்யா.

"சாமி இல்லம்மா, மேக்னட். சாமியைக் கேட்டது உங்கம்மா."

அதுவும் உண்மைதான். வண்டியோடு வந்த ஒவ்வொரு கோளாறையும் நான் துரத்தித் துரத்திப் பிடித்தேன். வெள்ளம் செய்தது, துரு செய்தது, ஹாங்கின் குழாய் செய்தது, எல்லாம். ஆனால் நான் டெஸ்ட் செய்தது ஒரு வண்டி, என் பெண் ஓட்டிப் போனது வேறு வண்டி. இரண்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளையார் இருந்தார்.

கிளம்பும்போது நித்யா சாவிக்காகக் கை நீட்டினாள். அந்த வண்டி எந்த மோசமும் செய்யவில்லை; அவளும் டிரக்குகளுக்கு நடுவில் அவ்வளவு தூரம் பத்திரமாக ஓட்டி வந்திருக்கிறாள். ஊர்தான் தப்பு. சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிள்ளையாரை எங்கள் பழைய காரில் என் கணவரோடு அனுப்பிவிட்டோம். காம்பஸ் தெற்கு என்று காட்டியது. அப்போது அது நிஜமாகவே தெற்குதான். இருந்தாலும் நான் வழி நெடுக ஒவ்வொரு போர்டையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தேன்.

என்னிடம் வேலை கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சரி என்று சொன்ன பிறகு யாராவது சின்ன சேஞ்ச் என்று வந்தால், கேட்டது நீங்களாகவே இருந்தாலும், முதலிலிருந்து டெஸ்ட் செய்யுங்கள். பேசுகிறவர் 'பட்' என்று ஆரம்பித்தால் காசு போனாலும் பரவாயில்லை, முடிக்க விடுங்கள்.

நித்யாவுக்கு இப்போது அவள் சொன்ன முப்பது வயது தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் கோயிலிலிருந்து போன் செய்வாள். நான் ஹலோ சொல்வதற்கு முன்பே, கோயிலா ஊரா என்று நான் குழம்பாதபடி ஆங்கில எழுத்தோடு சொல்லிவிடுவாள்:

"அம்மா, ஐ'ம் அட் த டெம்பிள். ஸ்மால் டி."