சத்தீஸ்கரில் வந்த பொன்னுக்கு வீங்கி

வெண்ணந்தூர் தமிழரசுக்குப் போர்வெல் வண்டியில் வேலை. வருடத்தில் பாதி நாள் வடக்கேதான் கிடப்பான். கல்யாணத்துக்கு முன்பு ஒரு கோடையில், சத்தீஸ்கரில் அவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. இரண்டு தாடையும் உப்பி, எச்சில் விழுங்கவே முடியவில்லை. கூட இருந்தவர்கள் வேப்பிலையை அரைத்துப் பூசிவிட்டு வேலைக்குப் போனார்கள். தாடை வீக்கம் வற்றத் தொடங்கியபோது காய்ச்சல் திரும்ப ஏறியது. விரை இரண்டும் வீங்கி நெருப்பாய் எரிந்தன. அதை யாரிடம் சொல்வான்? லாரி நிழலில் சுருண்டு கிடந்து, எழுந்தபின் மறந்தும் போனான்.

பிறகு ராசிபுரத்துத் தனப்பிரியாவைக் கட்டினான். குழந்தை இல்லை. அவன் அம்மா ராமாத்தாள் மருமகளைக் கோயில் கோயிலாக இழுத்துக்கொண்டு போனாள். கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் சேலத்தில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். பிரியாவுக்கு ஒரு குறையும் இல்லை. அவனுடைய விந்தில்தான் உயிரணுவே இல்லை.

"பெரிய ஆளானதுக்கு அப்புறம் பொன்னுக்கு வீங்கி வந்துச்சா?" என்று டாக்டர் கேட்டதும் அவனுக்கு அந்த லாரி நிழல் ஞாபகம் வந்தது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கிருமி விரைக்குள் இறங்கினால் அதை அழிக்க உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் அங்கே திரளும். அந்தச் சண்டையில் உள்ளே வீங்கும். விரையைச் சுற்றியுள்ள உறையோ விரிந்து கொடுக்காது. விந்தணு உண்டாகும் மெல்லிய குழாய்கள் நசுங்கிப்போகும். பெரும்பாலும் ஒரு பக்கத்தோடு நின்றுவிடும், மறுபக்கம் கைகொடுக்கும். அவனுக்கு இரண்டு பக்கமும் போயிருந்தது. இப்படி ஆவது அபூர்வம்.

"அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா சரியாயிருக்குமுங்களா?"

"வலி குறைஞ்சிருக்கும். இதைத் தடுத்திருக்கலாம்னு உறுதியாச் சொல்ல முடியாது. சின்ன வயசுல தடுப்பூசி போட்டிருந்தா நோயே அநேகமா வந்திருக்காது."

வீட்டில் அம்மாவிடம் சொன்னான். "ஆம்பளைக்கு அப்படியெல்லாம் வருமா? வெளிய சொல்லிப்போடாத சாமி" என்றாள் ராமாத்தாள்.

அடுத்த மாதம் பங்காளி வீட்டு வளைகாப்பு. சந்தனக் கிண்ணத்தைத் தொடப்போன பிரியாவின் கையை ஒருத்தி தள்ளிவிட்டாள். தமிழரசு கூடத்துக்கு நடுவில் வந்து நின்றான்.

"அவ மேல ஒண்ணுமில்லீங்க. கொறை எனக்குத்தான்."

அன்றிலிருந்து அவன் போனால் டீக்கடைப் பேச்சு நின்றது. சிரிப்பு முதுகுக்குப் பின்னால் கேட்டது. வண்டி கிளம்பியதும் வடக்கே போனவன், பொங்கலுக்கும் திரும்பவில்லை. பிரியா போனில் கூப்பிட்டால் சத்தமாக இருக்கிறது என்று வைத்துவிடுவான். ஒருநாள் அவனே கூப்பிட்டான்.

"நீ உங்க ஊட்டுக்குப் போயிரு பிரியா. வேற கல்யாணம் பண்ணிக்க."

"கொழந்த இல்லைன்னு நான் எப்பங்க உங்ககிட்ட அழுதேன்? ஊட்டுக்கு வராம இருக்கறீங்களே, அதுக்குத்தான் அழுவறேன். என்னையக் கேக்காம நீங்களே முடிவு பண்ணிக்குவீங்களா?"

அவன் போனை வைத்துவிட்டான். அதற்குமேல் காத்திருக்க மனமில்லாமல் அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். ராசிபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கும் சேர்ந்தாள்.

மழைக்காலத்தில் வண்டி ஊர் திரும்பியது. அவள் இல்லாத வீட்டில் சோறு இறங்கவில்லை. அவள் வேலை செய்யும் கடைக்குப் போய் வாசலில் நின்றான். அவள் எதிர்க் கடையில் டீ வாங்கிக் கொடுத்தாள்.

"என்னால அந்த ஊர்ல தலையத் தூக்கி நடக்க முடியல பிரியா" என்றான்.

"அதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்க. நானும் அங்கதானே தனியாக் கெடந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப என்னைய வான்னு கூப்பிடாதீங்க."

அவன் கூப்பிடவில்லை. இப்போது மறுபடி வடக்கே இருக்கிறான். சாப்பாட்டு நேரத்துக்கு வண்டியை நிறுத்தியதும், மற்றவர்களை விட்டுத் தள்ளிப் போய் அவளுக்குப் போன் போடுகிறான். சில நாள் எடுக்கிறாள். எடுக்காத நாளில் தட்டோடு அங்கேயே உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுகிறான்.