செலவுப் பக்கத்தில் எழுதாத பெயர்

வேரோனிக்காவின் கணக்கு இருபது டொலர் பிழைத்து நின்றது. வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்குக் கோவில் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்து வைக்க இக்னேசியஸ் அண்ணை வந்துவிடுவார். அதற்குள் பரீட்சை மீதி சரிவர வேண்டும்.

அது அவளுக்குப் புதிய வேலையில்லை. மன்னாரில் கூட்டுறவுச் சங்கக் கடையில் இருந்த காலத்திலிருந்து செய்வதுதான். ஏட்டில் உள்ள ஒவ்வொரு கணக்கின் மீதியையும் எடுத்து, வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கமாக அடுக்கிக் கூட்டினால் இரண்டும் ஒன்றாய் வரும். எந்தக் காசும் இரண்டு இடத்தில் எழுதப்பட வேண்டும் என்பதால் வந்தே ஆகவேண்டும். ரொறன்ரோவுக்கு வந்த பிறகும், விடிய பேக்கரியில் பாண் அடுக்கிவிட்டு, பின்னேரங்களில் வோபர்னில் இருந்த தமிழ்க் கத்தோலிக்கப் பங்கின் கணக்கை அவள் கையால்தான் எழுதினாள். சம்பளம் இல்லை. கோவிலின் நிலக்கீழ் அறையில் ஒரு மேசையும் ஹீற்றரும் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு அது போதுமாயிருந்தது.

நவம்பர் இறந்தவர்களின் மாதம். பூசைக்குக் காசு வைத்த கவர்கள் பெட்டி நிறைய வரும். ஒவ்வொரு கவரிலும் இரண்டு வரி: ஒப்புக்கொடுப்பவர், யாருக்காக. உதவிக்கு வரும் நதீஷா கவர்களைத் திறந்து காசை எண்ணிக் கொடுப்பாள். அது மொத்தமாக வரவுப் பக்கம் ஏறும். கவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துச் செலவுப் பக்கத்தில் பெயர் எழுதுவது வேரோனிக்கா. பூசை சொல்லி முடியும்வரை அது பங்கு கொடுக்கவேண்டிய கடன். அந்தப் பெயர்களுக்கு இரண்டு புத்தகங்கள் இருந்தன. இறந்தவர்களின் ஆன்மாக்களுக்கு ஒன்று. உயிரோடிருப்பவர்களின் நலனுக்கு ஒன்று.

அவளுடைய கணவர் யேசுரட்ணம் இரண்டாயிரத்து ஒன்பதில், போரின் கடைசி மாதங்களில், மாத்தளனில் தண்ணீர் எடுக்கக் கானோடு போனவர். பிறகு வரவில்லை. பதினாறு வருடமாக அவரை இறந்தவர்களோடு சேர்த்துப் பேச அவள் ஒருவரையும் விட்டதில்லை. ஒவ்வொரு நவம்பரும் இருபது டொலர் கொடுத்து, உயிரோடிருப்பவர்களின் புத்தகத்தில்தான் அவர் பெயரை எழுதினாள். இந்த வருடமும் எழுதியிருந்தாள்.

"இருபது டொலருக்கு ஏன் அன்ரி மண்டையை உடைக்கிறியள்?" என்றாள் நதீஷா. "நான் பேர்ஸிலையிருந்து தாறன், போட்டு விடுங்கோ."

"போட்டா வரவு இன்னும் கூடுமடி. இப்பவே வரவுதான் கூட நிக்குது."

"அப்ப இருபதை எடுங்கோ. கோப்பி குடிப்பம்."

வேரோனிக்கா சிரிக்கவில்லை. வித்தியாசத்தை ஒன்பதால் பிரித்துப் பார்த்தாள். பிரிபடவில்லை; ஆகவே இலக்கம் இடம் மாறவில்லை. பாதியாக்கிப் பார்த்தாள்; பக்கம் மாறி ஏறியிருக்கக்கூடிய பத்து டொலர்ப் பதிவு எங்கும் இல்லை. அப்படியானால் ஒரு பூசை முழுதாக விடுபட்டிருக்கிறது. ஒரு கவருக்குக் காசு வந்திருக்கிறது, பெயர் எழுதப்படவில்லை.

நூற்று நாற்பத்து மூன்று கவர்களையும் ஏட்டோடு வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். எழுதி முடித்ததும் மூலையில் நீலப் பேனாவால் சரி போடுவது அவள் வழக்கம். எல்லாவற்றிலும் சரி இருந்தது. தொண்ணூறு தாண்டியதும் ஒரு கவர் விரலில் குளிர்ந்தது. மற்றவை ஹீற்றர்ச் சூட்டில் மொறுமொறுவென்றிருக்க, அது மட்டும் ஈரமாக இருந்தது.

ஒப்புக்கொடுப்பவர்: யேசுரட்ணம். யாருக்காக: வேரோனிக்காவின் ஆன்மாவுக்காக.

மூலையில் அவளுடைய நீலச் சரி. ஏட்டில் அந்தப் பெயர் இல்லை.

"நதீஷா, உது எப்ப வந்தது?"

"திங்கக்கிழமை பெட்டிக்குள்ளை கிடந்ததுதான்." நதீஷா எட்டிப் பார்த்தாள். "ஆரோ தலைகீழா எழுதிப்போட்டினம். எங்கடை ஆக்களுக்கு உதுதானே வேலை, செத்தவரின்ரை பேரை முதல் வரியிலை எழுதுறது. போன வருசம் மரியோ அங்கிளுக்கு உயிரோடை இருக்கேக்கையே ஆன்மாப் பூசை வைச்சு, மனுசன் சுவாமியோடை சண்டைக்குப் போகேல்லையே?" பிறகு பெயர்களைத் திரும்பப் படித்தாள். குரல் இறங்கியது. "அன்ரி... நீங்கள்தான் எழுதிப்போட்டு மறந்திட்டியளோ?"

வேரோனிக்கா எழுதவில்லை. 'யே'யின் கொம்பையும் எழுத்தையும் பேனா தூக்காமல் ஒரே இழுப்பில் எழுதுகிற ஒருவரைத்தான் அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சரியைப் போட்டதும் அவளுக்கு நினைவில்லையே. அந்தக் கவரைக் கையில் எடுத்திருக்கிறாள், படித்திருக்கிறாள், சரியும் போட்டிருக்கிறாள். கை பெயரை மட்டும் எழுதவில்லை.

இக்னேசியஸ் அண்ணை வந்து, கோட்டைக் கழற்றாமலே கவரை வாங்கிப் பார்த்தார்.

"தங்கச்சி, பதினாறு வருசம் காத்தது காணும். வரியை மாத்தி எழுதுவம். யேசுரட்ணத்தின்ரை ஆன்மாவுக்காக வேரோனிக்கா ஒப்புக்கொடுக்கிறா. ஆரும் ஒண்டும் கேக்க மாட்டினம். கணக்கும் சரிவரும்."

"கவரிலை இருக்கிற மாதிரித்தான் ஏட்டிலை ஏறோணும் அண்ணை. நீங்கள் சொல்லித் தந்ததுதானே."

"விசர்க்கதை கதையாதை. உயிரோடை எனக்கு முன்னாலை நிக்கிறாய். உன்னை எப்பிடி ஆன்மாப் புத்தகத்திலை எழுதுறது?"

"காசு குடுத்தவர் உயிரோடை இருக்கோணுமெல்லோ அண்ணை?"

அவர் கவரை மேசையில் வைத்தார். நதீஷா சிலுவை போட்டுக்கொண்டாள்.

வேரோனிக்கா ஆன்மாப் புத்தகத்தைத் திறந்தாள். கடைசிப் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினாள். செலவுப் பக்கம் இருபது டொலர். கூட்டினாள். இரண்டு பக்கமும் ஒரே தொகையாய் வந்தன. இக்னேசியஸ் அண்ணை கீழே கையெழுத்து வைத்துவிட்டு, அவளுடைய முகத்தைப் பார்க்காமலே படியேறிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சுவாமி பெயர்களை வாசித்தார். ஒவ்வொரு பெயர் வாசிக்கும்போதும் ஒப்புக்கொடுத்தவர் எழுந்துபோய்ப் பீடத்தடியில் ஒரு மெழுகுதிரி கொளுத்துவார். வேரோனிக்காவின் பெயர் வந்தபோது பக்கத்து மர வாங்கில் இருந்தவர்கள் ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அங்கே இல்லாததுபோல எல்லோரும் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒப்புக்கொடுப்பவர், யேசுரட்ணம்."

சுவாமி அடுத்த பெயருக்குப் போகவில்லை. தாளிலிருந்து தலையை உயர்த்தி, பின்வாசலைப் பார்த்தபடி, நடந்து வருகிற ஒருவருக்காகக் காத்திருப்பதுபோல நின்றார். கதவுப் பக்கமிருந்து குளிர் காற்று வந்தது.

வேரோனிக்கா திரும்பிப் பார்க்கவில்லை. வாங்கில் கொஞ்சம் உள்ளே நகர்ந்து இடம் விட்டாள்.