தொட்டி இருந்த வளைவு

பிரேக்கம்மாவுக்கு எந்த நாற்காலியும் ஒத்துவராது. எங்கே உட்கார்ந்தாலும் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கு வரும் வியாதி அது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவர் செய்யப்போகும் தப்புக்காகத் தன் பக்கத்துப் பிரேக்கில் காலை வைத்தபடியே பாதி ஆயுசு போய்விடுகிறது. "சோபாவுக்கெல்லாம் பிரேக் வெக்கல, நிம்மதியா உட்காரு" என்பார் வீட்டுக்காரர். அவள் எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்விட்டு வருவாள்.

ஊர் முடிகிற இடத்தில் தேசியப் பூங்கா தொடங்குகிறது. நடுவே ஒரு சாலை. காலையில் ஆளரவம் இருக்காது என்பதால் புதியவர்களை அங்கேதான் கூட்டிப்போவாள். இரவில் அது லாரிகளின் சாலை. ஒரு விடியலில், கற்றுக்கொள்ள வந்த பெண் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழ ஆரம்பித்தாள். எதிரே சாலையோரம் ஒரு மான்குட்டி கிடந்தது, தூங்குவதுபோல. பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு பிரேக்கம்மா நேரே மருந்துக்கடைக்குப் போனாள்.

மருந்துக்கடைக்காரர்தான் பூங்கா பாதுகாப்புக் குழுவின் தலைவர். இருமல் மருந்துக்கு வந்தவரிடமும் காட்டைப் பற்றி நாலு வார்த்தை பேசித்தான் அனுப்புவார். குழுவின் கோரிக்கை ஒன்றே ஒன்று: இருட்டியது முதல் விடியும்வரை அந்தச் சாலையை மூட வேண்டும். அன்றைக்கே அவளும் குழுவில் சேர்ந்தாள்.

அந்த வருஷம் மழை ஏமாற்றியது. பூங்காவின் ஓடை வற்றி, கல்லெல்லாம் வெளியே தெரிந்தது. வனத்துறையிடம் அனுமதி வாங்கி, குழு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தது. இடம் பார்த்துச் சொன்னவள் பிரேக்கம்மா. மாணவர்களுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லித்தரும் வளைவு அது. நல்ல அகலம், கெட்டித் தரை. தண்ணீர் லாரி ஓட்டும் அவள் தம்பி ஒரே வீச்சில் வண்டியைத் திருப்பிவிடலாம். "அக்கா பார்த்த இடம்னா கண்ணை மூடிக்கிட்டு வரலாம்" என்றான் அவன். குழுவில் எல்லோரும் கை தட்டினார்கள். லாரிக்குத் தோதான இடமா என்று எல்லோரும் பார்த்தார்கள். மானுக்கு?

சில வாரம் கழித்து, ஒரு மாணவர் அதே வளைவில் வண்டியை அணைத்துவிட்டு, திரும்பக் கிளப்ப முடியாமல் தடுமாறினார். "பரவாயில்லை, மெதுவா" என்று சொல்லிவிட்டு அவள் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ச் சரிவில் புல் ஒதுங்கி ஒரு தடம் விழுந்திருந்தது. காட்டின் உள்ளிருந்து இறங்கி, தார்ச்சாலையைக் கடந்து, நேரே தொட்டிக்கு வந்து முடிந்தது. தடத்தின் மேல் ஒரு மான் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சமீபமாக மான்கள் அடிபட்டதெல்லாம் இந்த வளைவில்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"தொட்டியை மாத்தணும் அண்ணா" என்றாள் மருந்துக்கடையில், உட்காராமல். "ரோட்டுக்கு அந்தப் பக்கம், சரிவுக்கு உள்ளே."

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "வெள்ளிக்கிழமை ரோட்டை மூடறது பத்தி விசாரணை. அதிகாரி வர்றார். நம்ம கையில இருக்கறது அடிபட்ட மானோட படங்கள்தான். இப்போ போய் தொட்டியை எடுத்தா, ரோட்டுல ஆபத்தே இல்லைன்னு ஆயிடாதா?"

"இன்னைக்கு ராத்திரியும் அடிபடும்ணா."

"அதுக்குத்தானே ரோட்டையே மூடச் சொல்றோம். மூடிட்டா மானுக்கு மட்டுமா, எல்லாத்துக்கும் நல்லது. நாலு நாள் பொறுங்கம்மா. கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளைத் தின்றது. வீட்டில் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் ஏதோ கேட்க, இவள் வேறெதற்கோ பதில் சொன்னாள். விடிந்ததும் தம்பியைக் கூப்பிட்டாள்.

"உன் குழு என்னைத்தான் முதல்ல உதைக்கும், தெரியும்ல?"

"உனக்கு முன்னாடி நான் நிக்கறேன். நீ வண்டியை எடு."

வனக்காவலரிடம் சொல்லிவிட்டு, இருவருமாகத் தொட்டியைக் காலிசெய்து, உருட்டி, சாலையைக் கடந்து சரிவுக்குள் கொண்டுபோனார்கள். லாரி அங்கே போகாது. இருக்கிற குழாயையெல்லாம் ஒன்றோடொன்று மாட்டித் தண்ணீர் விட்டார்கள். தம்பி வழியெல்லாம் முனகினான். ஆனாலும் கடைசிச் சொட்டு வரை விட்டுவிட்டுத்தான் போனான்.

சாயங்காலம் அவள் தனியாக வந்து பார்த்தாள். மான்கள் புதுத் தொட்டியைத் தாண்டி, பழைய தடத்திலேயே இறங்கி, சாலையைக் கடந்து, தொட்டி இருந்த ஈரத்தை முகர்ந்துகொண்டு நின்றன.

அந்தத் தடத்துக்கு அவற்றைப் பழக்கினது யார்? அவள்தானே. அன்றுமுதல் இரவுதோறும் பயிற்சிக் காரை விளக்கு மினுக்கியபடி ஓரத்தில் நிறுத்திவிட்டு, வளைவுக்கு முன்னால் சிவப்புத் துணியோடு நின்றாள். அவள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்கள் முறை வைத்து வந்து நின்றார்கள். லாரிகள் திட்டிக்கொண்டே வேகத்தைக் குறைத்தன. அந்த வாரம் ஒரு மானும் அடிபடவில்லை.

விசாரணைக் கூடத்தில் லாரிக்காரர்கள் தரப்பில் ஒருவர் எழுந்து இதைத்தான் சொன்னார். "ரோட்டை மூடணும்ங்கறாங்க. இந்த வாரம் ஒரு எலியாவது செத்துச்சா சார்?"

மருந்துக்கடைக்காரர் அவள் பக்கம் திரும்பவேயில்லை. அவள் எழுந்தாள்.

"நாங்க அங்கே நிக்கறோம் சார். அதனாலதான் சாகல."

"அப்போ தொடர்ந்து நில்லுங்களேன்" என்றார் அதிகாரி. கூடமே சிரித்தது. அடுத்த மழைக்காலம் முடிந்ததும் மறுபடி பார்க்கலாம் என்று எழுதிக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார்.

வாசலில் மருந்துக்கடைக்காரர் அவளை மறித்தார். "எத்தனை வருஷ உழைப்பு. நாலு நாள் பொறுக்கத் தெரியலையே உங்களுக்கு."

"தெரியலைதான்" என்றாள். மழைக்காலம் முடியும்வரை இந்தச் சாலையில் எவ்வளவு சாகும் என்ற கணக்கு அவரிடம் இருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

வெயில் சாய்ந்தபோது வளைவில் நின்றாள். அன்றைக்கு முறைக்கு வரவேண்டியவர் வரவில்லை. ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. மருந்துக்கடைக்காரர். கடையில் மாட்டியிருக்கும் பெரிய டார்ச்சை எடுத்துக்கொண்டு சாலையின் மறுபக்கம் போய் நின்றார்.

முதலில் வந்த லாரி வேகம் தணிந்தது. கூடத்தில் சிரித்தவர்களில் ஒருவன் தலையை நீட்டினான். "என்ன சார், நீங்களுமா? இன்னும் எத்தனை நாளைக்கு?"

"உங்களுக்கெல்லாம் அலுத்துப்போற வரைக்கும்" என்றார் மருந்துக்கடைக்காரர், கடுகடுவென்று. "மெதுவாப் போப்பா."

லாரி ஊர்ந்து போனது. சரிவில் சருகு நொறுங்கும் சத்தம். இறங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று புதுத் தொட்டியருகே நின்றது. குடிக்கப்போகிறதா, கடக்கப்போகிறதா என்று இருவரும் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.